மூன்றில் ஒரு பங்கு யூரியா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகையில் காயாரோகணம் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. டிராக்டர், அறுவடை மெஷின், பொக்லைன் எது வந்தாலும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஒரு பீடி புகையும் நேரத்துக்குள் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வேலைக்குக் குறைச்சல் இல்லை. பெயருக்கும் குறைச்சல் இல்லை. அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அதன் பெயர் மூஸா.

இருவரும் பதினாறு வயதில் தஞ்சாவூரில் ஒரே பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர்கள். மூஸா கத்தாருக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் பெரிய பெரிய மெஷின்களோடு கிடந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லேப்டாப்போடு ஊர் திரும்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. கடைக்குக் கண்ணாடிக் கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணாமல் காயாரோகணம் ஒருநாளும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. குறைவாக நின்றால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

பத்து வருஷமாக அவரிடமே வந்துகொண்டிருந்த காண்டிராக்டர் மனோகரன், புது பொக்லைன் வாங்கியதும் மூஸாவிடம் போய்விட்டார். அதுதான் ஆறவில்லை. புது மெஷினில் புகையைச் சுத்தம் பண்ண, சைலன்சருக்குள் யூரியா தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு உண்டு. அதற்கென்று நீல மூடி போட்ட தனி டேங்க். சைலன்சருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். புகை சுத்தமாகவில்லை என்று பின்னால் இருப்பது சொல்லிவிட்டால் எரர் கோட் விழும். கோட் விழுந்தால் இன்ஜின் தன் பலத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் லேப்டாப் இல்லாமல் அதனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

ஜூன் மாதம். கல்லணையில் தண்ணீர் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மனோகரன் தூர் வார எடுத்த வாய்க்காலில் இன்னும் இருநூறு மீட்டர் பாக்கி. அங்கே போய் பொக்லைன் கோட் காட்டிவிட்டு நின்றது. பக்கெட் அரைவாசி மண்ணுக்கே முக்கியது. தண்ணீர் வருவதற்குள் முடிக்காவிட்டால் கடைமடை வயலுக்குக் குறுவை இல்லை. கரை நெடுக விவசாயிகள் நின்றார்கள். சேதி கேட்டுக் காயாரோகணமும் வந்து நின்றார். உதவிக்கு அல்ல, பார்க்க.

மூஸா ஒயரைச் சொருகி லேப்டாப்பைத் தட்டினார். "முன்னாடி சென்சாரும் பின்னாடி சென்சாரும் ஒரே அளவு காட்டுது தம்பி. உள்ள சுத்தமே நடக்கலன்னு அர்த்தம். ஒண்ணு யூரியா தண்ணி சரியில்ல, இல்லாட்டி பின்னாடி சென்சார் செத்துப்போச்சு." நீல மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, யூரியா அளவு காட்டும் சின்னக் கண்ணாடிக் குழலில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "நூத்துக்கு முப்பத்திரண்டரை. அச்சுக் கணக்கு. தண்ணி சரி. அப்ப சென்சார்தான்."

முப்பத்திரண்டரை என்றதும் காயாரோகணத்துக்கு அந்தக் கணக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் பொக்லைன் ஓட்டும் நெடுமாறன் காலிக் கேனோடு அவர் கொட்டகைக்கு வந்திருந்தான். யூரியா தண்ணீர் தீர்ந்துவிட்டது, கேன் விற்கும் மூஸா ஊரில் இல்லை, என்ன பண்ண என்று கேட்டான்.

"அந்தக் கேனுக்கு அவன் வாசல்ல போயி நிக்கணுமா? யூரியாதானடா. இந்த ஊர்ல யார் வீட்டுல இல்ல? கேன்லயே எழுதியிருக்கான் பாரு, முப்பத்திரண்டரை. எடைக்கு மூணுல ஒரு பங்குக்கு ஒரு துளி கம்மியா யூரியா, மிச்சம் தண்ணி. கரைச்சு ஊத்து. அவனுக்குத் தெரியவே வேணாம்."

வயலுக்குப் போடும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். அது யூரியா தண்ணீர் பீய்ச்சும் நாசிலை அடைக்கும் என்று அன்று தோன்றவில்லை. இன்று தோன்றியது. தான் போட்ட கணக்கு அச்சுப் பிசகாமல் இருந்ததால்தான் மூஸாவின் கண்ணாடிக் குழலே ஏமாந்திருக்கிறது. உண்மையை அவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். புதுச் சென்சார் போட்டும் ஓடாமல் மூஸா முழிப்பதைப் பார்க்க வேண்டும்.

பார்த்தார். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் சென்சார் மறுநாள் காலையில் வந்தது. மாட்டினார்கள். அரை மணி ஓடியது. மறுபடி அதே கோட். மூஸா கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். காயாரோகணத்துக்கு அந்த வெயிலிலும் இளநீர் குடித்த மாதிரி இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் தண்ணி வந்துரும்னு ஷட்டர் தொறக்குற லஸ்கர் சொல்லிட்டாரு," என்ற மனோகரன் காயாரோகணத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க ஒரு வாட்டி பாருங்களேன்."

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காயாரோகணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நீல மூடியைத் திறந்து விரலைத் தோய்த்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றார்.

"வேப்பெண்ணெய் வாடை. இது வயல் யூரியா. நாசில் அடைச்சுக் கெடக்கும், கழட்டிப் பாருங்க."

கழற்றினார்கள். வெள்ளையாக உறைந்து அடைத்திருந்தது. கரையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு சாண் வளர்ந்தார். மூஸாவும் டேங்கில் விரலைத் தோய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் கணக்க நம்பிட்டேன். மோந்து பாக்கத் தோணல" என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது காயாரோகணத்துக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டாமா.

மனோகரன் நெடுமாறன் பக்கம் போனார். "யாருடா ஊத்தச் சொன்னா?"

நெடுமாறன் காயாரோகணத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். "யாரும் சொல்லலண்ணே. தெரியாம ஊத்திட்டேன்."

"சாவியக் குடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வராத."

சாவியை எடுக்க அவன் பைக்குள் கையை விட்டான். காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் காயாரோகணத்துக்குத் தாங்கவில்லை. மூஸா ஒருத்தன் போதாதென்று இவனும் தன்னைவிடப் பெரிய மனுஷனாக நிற்கிறானே என்று எரிந்தது. இனி ஒவ்வொரு தடவை இவனைப் பார்க்கும்போதும் தலை தாழ வேண்டும்.

"அவன உடு தம்பி. நான்தான் சொன்னேன்."

மனோகரன் சாவிக்கு நீட்டிய கையை இறக்கினார். "அப்ப நேத்தே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

கரையில் நின்றவர்கள் மூஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மூஸாதான் சிரித்தார். "மெஷினையே ஏமாத்துற மாதிரி கலந்திருக்கியேடா காயா. கத்தார்லகூட இந்தக் கைய நான் பாக்கல. சரி வா, டேங்க கழுவுவோம், நேரமாவுது."

டேங்கைக் காலி பண்ணிக் கழுவினார்கள். டீக்கடையிலிருந்து அண்டாவில் வெந்நீர் வந்தது. நாசிலை அதில் ஊறப்போட்டுக் காயாரோகணம் தேய்த்தார், மூஸா குழாய்களை அலசினார். புதுக் கேனை ஊற்றி, லேப்டாப்பில் எரர் கோட் அழிந்ததும் இன்ஜின் பழைய குரலில் உறுமியது. நெடுமாறன் ஏறி உட்கார்ந்தான். பொழுது சாய்வதற்குள் நூறு மீட்டர். மிச்சத்தை மறுநாள் பதினோரு மணிக்கு முடித்து மெஷினைக் கரை ஏற்றினார்கள். ஒரு மணிக்கெல்லாம் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து புதுமண்ணை நனைத்துக்கொண்டு போனது.

மனோகரன் எல்லோருக்கும் டீ சொன்னார். "பாய், இனிமே டேங்க் மூடிய ஒங்களக் கேக்காம யாரும் தொறக்கக்கூடாது," என்றார். காயாரோகணத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

டீ வந்தது. முதல் டம்ளர் மூஸாவுக்குப் போனது. இரண்டாவது நெடுமாறனுக்கு. மூன்றாவதை வாங்கிக்கொண்ட காயாரோகணம், மூஸாவின் டம்ளரில் பாலாடை கொஞ்சம் கூடுதலாக மிதப்பதைப் பார்த்தார்.