எர்த் குழிக்குப் பாய்ந்த தண்ணீர்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் இராஜாங்கம் பெயரில் ஒரு மோட்டார் ரிவைண்டிங் கடை உண்டு. பலகையில் பெயர் அவருடையது. உள்ளே உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுவது அவர் மனைவி அகிலாண்டம். 1994-இல் இராஜாங்கம் கப்பல் பட்டறை வேலைக்குச் சிங்கப்பூர் போனபோது, எரிந்துபோன மோட்டார்கள் நான்கு கடையில் கிடந்தன. கேட்டு வந்தவர்களுக்குச் சமாதானம் சொல்லிச் சலித்த அகிலாண்டம், ஒருநாள் ஒன்றைப் பிரித்துப் போட்டாள். பழைய கம்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைத்தாள். மோட்டார் ஓடியது. 1998-இல் திரும்பி வந்த இராஜாங்கம் தன் நாற்காலியில் மனைவி இருப்பதைப் பார்த்தார். எழுந்திருக்கச் சொல்லவில்லை. போர்க்குழாயிலிருந்து மோட்டாரைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் பாடு, கட்டுவது அவள் பாடு என்று அன்றிலிருந்து நடந்து வருகிறது.

கட்டி முடித்த மோட்டார் ஓடிக் காட்டியபிறகு, அதன் தலையில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு வைத்த மோட்டார் கடைக்குத் திரும்பி வரக் கூடாது. அவள் தொழிலில் வைத்துக்கொண்ட ஒரே வீம்பு அது.

2012 மே மாதம் அந்தக் கடைக்கு இளஞ்செழியன் வந்தான். பஞ்சநதம் என்ற விவசாயியின் மகன், மஸ்கட்டில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுபவன், விடுமுறையில் வந்திருந்தான். மோட்டாருக்குப் பதில் உள்ளங்கை அளவில் மடக்கித் திறக்கும் ஒரு வீடியோ கேம் கருவியை மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பச்சை சர்க்யூட் பலகை.

விஷயம் இதுதான். அந்தக் கருவியில் ஒரு குட்டி நரி குகை குகையாகத் தாண்டி ஓடும். ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் போட்டி உண்டு. அதற்கென்று இணையத்தில் ஒரு பட்டியலும் உண்டு. தங்கும் அறையின் மேல்கட்டிலில் படுத்தபடி விளையாடியே இளஞ்செழியன் அந்தப் பட்டியலின் முதல் ஆளை முந்திவிட்டான். செல்போனில் படம் பிடித்து அனுப்பினான். திரையில் விளக்கு வெளிச்சம் அடித்ததால் பாதி தெரியவில்லை. இரண்டு ஆட்டத்தை வெட்டி ஒட்டியிருக்கிறான் என்று எவனோ எழுதினான். அறைத் தோழர்களும் அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். தோற்றிருந்தால் சும்மா இருந்திருப்பான். பொய்யன் என்ற பேரைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

கருவியின் திரைக்குப் போகும் படத்தை நேராகக் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பினால் யாரும் வாய் திறக்க முடியாது. அதற்கான பலகையை வரவழைத்து, அதற்குள் போகவேண்டிய புரோகிராமையும் ஏற்றிவிட்டான். மிச்சம் இருந்தது இருபத்திரண்டு கம்பிகள். கருவியின் வயிற்றைத் திறந்து, எறும்புக்கால் போன்ற முனைகளில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பலகைக்கு இழுக்க வேண்டும். செல்போன் கடைக்காரர்கள் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அகிலாண்டம் லென்ஸை எடுத்துப் பார்த்தாள். மின்விசிறிக்குச் சுற்றுவதைவிட மெல்லிய எனாமல் கம்பி அவளிடம் இருந்தது.

"கட்டிடலாம் தம்பி. ஆனா இது திரும்பி வந்தா எனக்குக் கேவலம்," என்றாள்.

இராஜாங்கம் எட்டிப் பார்த்து, "இது எத்தனை எச்.பி.?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. கம்பிகள் எல்லாம் ஒரே நீளம். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருந்தன. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் மாட்டியதும் படமெங்கும் மத்தாப்புபோலப் புள்ளிகள் பறந்தன. சில நிமிடத்தில் இணைப்பே அறுந்து பதிவு நின்றுபோயிற்று. கருவி கடைக்குத் திரும்பியது. அகிலாண்டம் மறுபடி பற்றவைத்தாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அவன் மஸ்கட் விமானத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. திரும்பிப் போனால் அங்கே கம்ப்யூட்டரும் கிடையாது, ஆற அமர உட்கார இடமும் கிடையாது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

கருவியை வாங்கி வைக்காமல், "வா, உங்க வீட்டிலேயே பாத்துடுவோம்," என்று கிளம்பிவிட்டாள். இராஜாங்கமும் கூடப் போனார்.

கம்ப்யூட்டர் இளஞ்செழியனின் தங்கை குந்தவையுடையது. கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அகிலாண்டம் அதன் தகரப் பெட்டியில் கை வைத்ததும் விரல் நுனி சுர்ரென்றது. டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், விளக்கு மினுக்கியது.

"போன வருஷத்துலேருந்து இப்படித்தாங்க்கா. பழகிப்போச்சு," என்றாள் குந்தவை.

அகிலாண்டம் கொல்லைப்பக்கம் போனாள். சுவரோரம், வீட்டில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் போட்டு இரும்புக்குழாய் இறக்கிய நல்ல குழிதான். ஆனால் அது ஆற்றங்கரை மணல். ஆற்றிலும் தண்ணீர் இல்லாத மே மாதம். குழி வறுத்த கடலைபோலக் காய்ந்து கிடந்தது. ஈரமில்லாத மண்ணில் மின்சாரம் இறங்காது. குளியலறைத் தண்ணீர் முன்பெல்லாம் அந்தக் குழிமேல்தான் ஓடும் என்பதும், சொட்டு வீணாகக்கூடாது என்று பஞ்சநதம் சென்ற ஆண்டு அதை வாழைக்குத் திருப்பிவிட்டார் என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. எர்த் செத்துப்போனதால் பெட்டியில் நின்ற கசிவு மின்சாரம் முழுவதும், வேறு போக்கிடம் இல்லாமல், அவள் கட்டிய கம்பிகளில் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது.

ஒரு குடம் ஊற்றச் சொன்னாள். புள்ளிகள் அடங்கின. கொஞ்ச நேரத்தில் மணல் தண்ணீரைக் குடித்துவிட, மறுபடி பறந்தன. ஆட்டம் முடிய நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறையப் பிடிக்கும். அதுவரை விடாமல் பாய வேண்டும்.

"இன்வெர்ட்டர்ல போட்டா?" என்றான் இளஞ்செழியன். போட்டுப் பார்த்தார்கள், படம் இன்னும் மோசம். லைன் கரண்டில்தான் முடிக்க வேண்டும். அதுவோ ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அகிலாண்டம் முன்பு கட்டிக்கொடுத்த கொல்லை மோட்டார் ஓடினாலும் படம் கெடும் என்பதால், முன்கூட்டியே தொட்டியை நிரப்பிவைத்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தினார்கள். பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியால் தொட்டியிலிருந்து குழிக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். வயலுக்கு மடை திறப்பதுபோல, தொட்டியின் துவாரத்தில் அடைத்த துணியைப் பாதி உருவிவிட்டார். வாழைக்குப் போகவேண்டிய தண்ணீர் ஒரு இரும்புக்குழாய்க்குப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் மகனைப் பொய்யன் என்று சொன்னவர்கள்மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது. பக்கத்தில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு இராஜாங்கம் குடத்தோடு துணைக்கு நின்றார்.

உள்ளே இளஞ்செழியன் விளையாடத் தொடங்கினான். நரி குதித்தது. குந்தவை கம்ப்யூட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அகிலாண்டம் நரியைப் பார்க்கவே இல்லை. புள்ளி வருகிறதா என்று திரையின் ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கழுவிவிட்ட தட்டுபோலப் பளிச்சென்று இருந்தது.

அரை மணி நேரம் கழிந்தது. கடைசிக் குகைகள். தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டதைப் பஞ்சநதம் பார்த்தார். தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடுவது ஐம்பது வருடப் பழக்கம். கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. தட்டினார். சத்தமில்லை. இன்னொரு தரம் தட்டினார். முகம் செத்து, வாசற்படிவரை வந்து மெதுவாகச் சொன்னார்:

"ஏம்மா அகிலாண்டம், மோட்டார் போயிடுச்சு போலருக்கே."

அகிலாண்டம் திரையைவிட்டுத் திரும்பாமல், இடுப்பிலிருந்த சுருக்குப்பையிலிருந்து மோட்டாரின் ப்யூஸ் கேரியரை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"நான் கட்டுன மோட்டார் போவாதுங்க. நீங்க சுவிட்சத் தட்டுவீங்கன்னு தொட்டி நெறஞ்சதுமே புடுங்கி வச்சிட்டேன். குடத்துத் தண்ணிய ஊத்துங்க."

இராஜாங்கம் ஏற்கெனவே அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பஞ்சநதமும் சேர்ந்துகொண்டார். இருவரும் ஆளுக்கொரு குடமாக ஊற்ற, உள்ளே நரி கடைசிக் குகையைத் தாண்டி வெளியே வந்தது. இளஞ்செழியன் கருவியை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டான். அவனுடைய பழைய நேரத்தைவிடவும் ஏழு நொடி குறைவு. குந்தவை பதிவைப் பத்திரப்படுத்தி, பென்டிரைவிலும் நகல் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று.

அகிலாண்டம் பதிவை இன்வெர்ட்டரில் ஓடவிட்டு முழுதும் பார்த்தாள். பிறகு கருவியைக் கேட்டு வாங்கி, பின்பக்க மூடியின் மூலையில் கடுகளவு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

மஸ்கட் போன மூன்றாவது வாரம் இளஞ்செழியன் கடைக்குப் போன் செய்தான். பட்டியலில் முதல் வரியில் அவன் பெயர் ஏறிவிட்டது. வெட்டி ஒட்டியதாக எழுதியவனே வாழ்த்தியிருந்தான். இளஞ்செழியன் போட்டிருந்த கருவியின் போட்டோவைப் பார்த்து, மூலையில் இருக்கும் சிவப்பு என்ன என்றும் கேட்டிருந்தான்.

"அவங்க பார்த்தப்போ புள்ளி ஏதும் வரலியே?" என்று கேட்டாள் அகிலாண்டம். வரவில்லை என்றதும் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கையிலிருந்த காயிலைச் சுற்றத் தொடங்கினாள்.

பஞ்சநதம் குளியலறைத் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் குழிக்கு விட்டார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் மகனைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் சொன்னது ஒன்றுதான்:

"பய விளையாடுனான், சரி. ஆனா கடைசிவரைக்கும் தண்ணி பாய்ச்சுனது நானு."