கடலைக்காய் மெஷினும் என் கம்மலும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம். அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்தில் கடலைக்காய் உடைக்கிற மெஷின் வந்து நின்றிருந்தது. நாங்கள் குடியிருப்பது கோயமுத்தூரில் என்றாலும், காய்ந்த காயை உடைத்துப் பருப்பாக்கிச் செக்குக்கு அனுப்புகிற நாளில் மட்டும் நான் தவறாமல் தோட்டத்துக்குப் போய்விடுவேன். மாமியாரிடம் வேலைக்கு ஒத்தாசையாக வந்ததாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்த மெஷினை வேடிக்கை பார்க்கத்தான் போவது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் புத்தி. எது ஓடினாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியாரின் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தவள் நான். அந்தக் கதையை அவர் இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த மெஷின் அப்படியொன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. டிராக்டரிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுவார்கள். மேலே அகலமாக ஒரு வாய். அதில் காயைக் கொட்டினால் உள்ளே ஓர் உருளை சல்லடையோடு சேர்த்துத் தேய்த்து உடைக்கும். காற்றாடி தொலியை ஊதிப் பின்பக்கம் தள்ளிவிடும். பருப்பு ஆடுகிற சல்லடையில் இறங்கி முன்பக்கம் சாக்கில் விழும். மண்ணும் பொடியும் அடியில் கொட்டும். எனக்குப் பிடித்தது நாலாவது வழிதான். உடையாமல் தப்பித்து வருகிற காய்கள் பக்கவாட்டில் இருக்கும் ஒரு தகரக் கூண்டுக்குள் போகும். அங்கே ஓடுகிற சின்னச் சின்னக் கிண்ணங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போய் மறுபடியும் வாயிலேயே கொட்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையனைப் பிடித்துவந்து மறுபடி வகுப்பில் உட்காரவைக்கிற மாதிரி.

அன்றைக்கும் தூசிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மெஷினின் வாய்க்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தேன். கூடையில் காயை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அந்த வருஷம்தான் முதல்முதலாக எங்கள் தோட்டத்து வேலைக்கு வந்திருந்தார். சாக்குப் பிடிக்க அவர் கூட இன்னும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள்.

"அதுக்குள்ளார அப்படி என்னதானுங்கம்மணி தெரியுது? காயிதானுங்க போகுது" என்றார்.

வியர்வையைத் துடைக்கத் துண்டை அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து டீக்காக மெஷினை நிறுத்தினார்கள். காதைச் சொறிந்த கை அப்படியே நின்றுவிட்டது. வலது காதில் கம்மலைக் காணோம்.

கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட கம்மல் அது. கல் வைத்தது, ஒரு கடலைக்காய்ப் பருமன் இருக்கும். துண்டை இழுத்தபோது திருகு கழன்றிருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் விழுந்திருந்தால் மெஷினின் வாய்க்குள்தான் விழுந்திருக்கும்.

தேடினோம் தேடினோம், அப்படித் தேடினோம். கட்டிவைத்த சாக்குகளை எல்லாம் அவிழ்த்து, தார்ப்பாயில் கொட்டித் துழாவினோம். தொலிக் குவியலைப் பிடி பிடியாக உதறினோம். மண்ணைச் சலித்தோம். களத்தையே விளக்குமாறால் கூட்டி அள்ளினோம். அந்த அக்காதான் எல்லாரையும் விட மும்முரமாகத் தேடினார். தொலித் தூசியில் அவருடைய கண் இமையெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"உள்ளார எங்கியாச்சும் மாட்டியிருக்குமுங்களா?" என்று மெஷின்காரரைக் கேட்டேன்.

"என்ற மெஷினுல ஒண்ணுமே நிக்காதுங்க. வாயில போட்டது எந்த வழியிலயாச்சும் வெளிய வந்தே தீரோணுமுங்க" என்றார். அடுத்த தோட்டத்தில் வேறு அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கழற்றி மாட்டினால் பாதி நாள் போய்விடும். அதனால் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அவர் அதை மனசார நம்பினார்.

மெஷினுக்குள் இல்லை, சாக்கில் இல்லை, தொலியில் இல்லை, மண்ணில் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் நாக்கு முந்திக்கொள்ளும். "தங்கத்துக்கு என்ன றெக்கையா மொளச்சுருச்சு?" என்றார் பொதுவாக. பொதுவாகத்தான் சொன்னார். பார்வை மட்டும் பொதுவாக இல்லை.

அந்த அக்கா வேப்பமரத்தடிக்குப் போய்த் தன் பையை எடுத்துவந்து, எங்கள் எல்லார் முன்னாலும் தார்ப்பாயில் கவிழ்த்தார். தூக்குப்போசி, வெற்றிலைச் சுருக்குப்பை, மடித்த பழைய சட்டை ஒன்று, ஒரு சீப்பு. பிறகு மடியையும் அவிழ்த்து உதறினார். "பாத்துக்குங்கம்மணி" என்றார். அதைப் பார்த்து மற்ற இரண்டு பெண்களும் தங்கள் பைகளை எடுக்கப் போனார்கள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "எடுத்து வைங்கக்கா, உங்களை யாருங்க கேட்டாங்க" என்றேன். சொல்லும்போதே அது எதற்கும் உதவாத பேச்சு என்று தெரிந்தது. இன்றைக்கு நான் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன் என்றால் என்ன ஆகும்? 'அந்தத் தோட்டத்தில் கம்மல் காணாமல் போனபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள்' என்பது ஊர் ஊராக அவர் பின்னாலேயே போகும். கம்மல் கிடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது எங்கே போனது என்றாவது தெரிந்தாக வேண்டும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இடது காதில் இன்னொன்று இருக்கிறதே! அதே எடை, அதே உருவம். அதை உள்ளே போட்டால் முதல் கம்மல் போன வழியில்தானே இதுவும் போக வேண்டும்?

நான் இடது கம்மலைக் கழற்றியதும் மாமியார் அலறிவிட்டார். "அடியாத்தே, இருக்கறதையும் தொலைக்கப் பாக்கறயா கண்ணு?"

மெஷின்காரரும் பதறினார். "வேண்டாமுங்கம்மணி. வேணும்னா ஒரு போல்ட்டப் போட்டுப் பாக்கலாமுங்க."

"போல்ட்டு போற வழியில கம்மல் போகுமுங்களா?" என்றேன். அவருக்கும் உள்ளுக்குள் ஆர்வம் தட்டிவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேற்கொண்டு பேசாமல் ஒவ்வொரு வழிக்கும் கீழே சுத்தமான தார்ப்பாய் விரித்தார்.

அந்த அக்கா மட்டும், "நாங்க அக்கட்டால போய் நின்னுக்கறமுங்க. கிட்டத்துல ஆருமே இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

டிராக்டர் உறுமியது. ஒரு கூடைக் காயை நானே தூக்கி, அதன் நடுவில் கம்மலை வைத்து, வாயில் கொட்டினேன். மினுக்கென்று ஒரு தரம் தெரிந்து மறைந்தது. அப்பா ஞாபகம் வந்தது. ஆனால் அதையும் மீறிக்கொண்டு, எந்த வழியாக வரப்போகிறது என்று பார்க்கிற ஆசை இருந்ததே, அதை என்னவென்று சொல்ல!

தொலி பறந்தது. பருப்பு விழுந்தது. மண் கொட்டியது. மெஷினை நிறுத்தி, அந்த ஒரு கூடைச் சரக்கை மாமியாரும் மெஷின்காரரும் நானும் மணி மணியாகப் பார்த்தோம்.

இல்லை.

"வந்துச்சுங்களா அம்மணி?" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்கக்கா. அதுவும் போயிருச்சு!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் நான் எவ்வளவு சந்தோஷமாகக் கத்தியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மெஷின்காரர் ஸ்பேனரை எடுத்தார். இந்தத் தடவை யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தகரக் கூண்டைக் கழற்றினார். கம்மல் கடலைக்காய்ப் பருமன் இருந்ததால் சல்லடையில் இறங்காமல், உடையாத காய்களோடு சேர்ந்து கூண்டுக்குப் போயிருக்கிறது. காயை அள்ளிய கிண்ணங்களுக்குக் கனமான கம்மல் எட்டவில்லை. கிண்ணம் எட்டாத அடிமூலையில் கெட்டியாகப் படிந்திருந்த மண்ணை அவர் விரலால் கிளறினார். ஒரு கம்மல் வந்தது. இன்னொன்றும் வந்தது. திருகு கழன்ற வலது காதுக் கம்மலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

மாமியார் தோட்டத்து வீட்டுக்குள் போனார். தன் கையாலேயே காப்பி போட்டுக் கொண்டுவந்து அந்த அக்காவிடம் நீட்டினார். "என்ற நாக்குல சனிதான் இருக்குது. மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார். அந்த அக்கா உடனே வாங்கவில்லை. கவிழ்த்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கி முடித்த பிறகுதான் வாங்கிக் குடித்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மெஷின்காரர் மட்டும் கூண்டுக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளங்கையில் இன்னொரு பொருள் இருந்தது. மண் அப்பிக் கறுத்துப்போன ஒரு மோதிரம். துடைத்ததும் சிவப்புக் கல் தெரிந்தது. எங்கள் வீட்டு மோதிரம் இல்லை.

"தாராபுரத்துப் பக்கம் ஒரு களத்துலீங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. "அங்கயும் இதேதான் சொன்னேனுங்க. என்ற மெஷினுல ஒண்ணும் நிக்காதுன்னு." அந்தக் களத்தில் காய் கொட்டிய பெண்ணை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

அடுத்த வருஷம் அவர் மெஷினோடு வந்தபோது நான் முதலில் கேட்டது அந்த மோதிரத்தைத்தான். எங்கள் களத்திலிருந்து கிளம்பின கையோடு தாராபுரத்துக் களத்துக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். அவர்களுக்கு ஒரே சந்தோஷமாம். பிறகு விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போயிருக்கிறார். அவர் இப்போது ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறாராம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "மெஷினுக்குள்ள இருந்துச்சுன்னு அங்க எல்லார்த்து முன்னாலயும் சொன்னீங்களா?"

"சொல்லலீங்க. மோதரத்தக் குடுத்துப்போட்டு வந்துட்டேன். அவங்க கேட்டப்பறந்தான் மறுக்காப் போய், எல்லாரையும் களத்துல கூப்பிட்டு நிக்க வெச்சு, சொல்லிப்போட்டு வந்தேனுங்க" என்றார் மெஷின்காரர் என்னிடம்.

இப்போது அந்தக் கூண்டின் அடியில் கையாலேயே திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார். எந்தக் களத்திலும் வேலை முடிந்ததும் ஆட்கள் எல்லாரும் பார்க்க அதைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பெல்ட்டைக் கழற்றுவார். அந்த அக்காவும் அந்த வருஷம் வந்திருந்தார். கதவு திறந்தபோது என்னை இடித்துக்கொண்டு முதல் ஆளாக எட்டிப் பார்த்தது அவர்தான்.

கீறல் விழுந்த அந்தக் கம்மலை நான் மாற்றவில்லை, மெருகும் போடவில்லை. வீட்டில் எது காணாமல் போனாலும், என் கண் வேலைக்கு வருகிறவர்கள் பக்கம் திரும்பும் முன்பே கை தானாக என் வலது காதுக்குப் போய்விடுகிறது.