நூற்று நாற்பது மைக்ரான்

காலை எட்டு மணி பத்து நிமிடம். மைக்ரோஸ்கோப்பில் முதலில் தெரிந்தது ஒரு வட்டம்: விளிம்பு கறுப்பு, நடுவில் வெளிச்சம். பிலிமுக்குள் அடைபட்ட காற்று அப்படித்தான் தெரியும். அளந்தேன். நூற்று நாற்பது மைக்ரான். நூற்றைத் தாண்டினால் ரோல் முழுவதும் ரிஜெக்ட். பதிவேட்டில் அப்படியே எழுதினேன்.

திருவொற்றியூரில் பிளாஸ்டிக் பிலிம் தயாரிக்கும் தொழிற்சாலை. குமிழி அளப்பது என் வேலை. அந்த ரோலை ஓட்டியவர் தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வரும் ஒப்பந்த ஆபரேட்டர், நாற்பதைக் கடந்தவர். ஒரே மாதத்தில் மூன்று ரோல் ரிஜெக்ட் ஆனால் ஒப்பந்த ஆளின் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவருக்கு அந்த வாரத்திலேயே இரண்டு போயிருந்தது. சொல்லி அனுப்பினேன், வந்தார்.

"இன்னா மேடம், உங்க மிஷினுக்கு என் மேல எதுனா காண்டா?"

"நீங்களே பாருங்கண்ணே."

கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெளியே கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"தோ, ஓடிகினு கீது."

"எது?"

"உங்க பபுளு. நான் கை வச்சா ஒதுங்குது. பிலிம் உள்ள கீற காத்து எப்டிமா ஓடும்?"

நானும் பார்த்தேன். அவர் விரல் பிலிமின் ஓரத்தை அழுத்தியதும் வட்டம் நகர்ந்தது. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது.

ரோலிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு சுருண்டுகொள்ளும். தட்டையாகப் படியட்டும் என்று அந்த வாரம் முதல் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன்மேல் வைத்து வந்தேன். யோசனை என்னுடையது. காற்று மாட்டியிருந்தது பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்.

துடைத்தேன். தண்ணீர் இல்லாமல், நான்கு ஓரமும் டேப் ஒட்டி மறுபடி பார்த்தேன். துண்டு முழுக்கத் தேடியும் ஒரு குமிழி இல்லை. பதிவேட்டில் ரிஜெக்ட்டை அடித்து, பாஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"அப்போ அந்த ரெண்டு ரோலு?" என்றார்.

அவற்றையும் தண்ணீர் விட்டுத்தான் அளந்திருந்தேன். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ரோல்களை மறுபடி அளந்து காட்டினால் பதிவை மாற்றலாம் என்றார். குடோனுக்குப் போன் செய்தேன்.

"அந்த ரோலையா கேக்குற?" என்றார் குடோன்காரர். "நேத்தே கிரைண்டர்ல போட்டு அரைச்சாச்சே."

மாதம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது.