பேக் காயும்வரை ஒரு பேய்க்கதை

நானும் அக்காவும் வேலை பார்க்கும் பியூட்டி பார்லரில் அவளுக்குப் பட்டப்பெயர் பேயக்கா. வந்தவர் முகத்தில் ஃபேஸ் பேக் பூசி, கண்ணில் வெள்ளரித் துண்டை வைத்ததும் போனை எடுத்துத் தான் எழுதிய திகில் கதையை வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். பேக் காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. இப்படி வசமாகச் சிக்கும் ரசிகர்கள் எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார்கள்?

பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது. "அதெல்லாம் பழைய பேய்டி. இப்போ பேய்ங்க லிஃப்ட் வச்ச ஃப்ளாட்லதான் குடியிருக்கு" என்பாள். சமையலறை, அலமாரி, அளவுக்கு மீறி அன்பாகப் பேசும் கணவன், அவ்வளவுதான் அவள் கதைகளில். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் அலமாரியையே ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறகு பல்லை இளித்துக்கொண்டு மறுபடி வருவார்கள். வீட்டில் எதற்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள்தான் அதிகம் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கேட்டு மிரண்டால் பேக் விரிசல் விடும். திரும்பப் பூச வேண்டும். "இன்னொரு மூஞ்சி வெடிச்சா உன் வேலை காலி" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். மாமாவை விட்டு வந்த அக்காவுக்கு அந்த வேலைதான் கதி. போனால் மறுபடி அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தக் கல்யாணப் பெண் வந்தாள். "அவர் ரொம்ப நல்லவருக்கா. நான் என்ன போடணும், யார்கிட்ட பேசணும், எல்லாம் அவரே பாத்துக்குவார்."

பேக் பூசி முடித்த அக்காவின் கை நின்றது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். கேட்டால்தானே! போனைத் தொடாமல் நினைவிலிருந்தே ஆரம்பித்தாள். புது ஃப்ளாட். "தூசி வருதுடா செல்லம்" என்று கணவன் வாரம் ஒரு ஜன்னலை அடைக்கிறான். அவன் பால்கனியையும் அடைக்கும் இடத்துக்குக் கதை வந்தபோது கல்யாணப் பெண்ணின் முகத்தில் பேக் நெற்றி முதல் தாடைவரை வெடித்தது. எழுந்தாள். "அம்மாகிட்ட பேசணும்" என்று பாதி கழுவிய முகத்தோடு போய்விட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு முதலாளியம்மா வந்தாள். "பையை எடு. கிளம்பு."

பையோடு வாசல்வரை போன அக்காவை முதலாளியம்மாவே கூப்பிட்டாள்.

"ஏய், நில்லு. கடைசியில கதவையும் அடைச்சிட்டானா?"

"இல்ல மேடம். கதவு திறந்துதான் இருந்துச்சு. அவளுக்குத்தான் வெளிய போகணும்னே தோணல."

"அப்புறம்?"

"எனக்குத் தோண ஆறு வருஷம் ஆச்சு மேடம்."

முதலாளியம்மா பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள். "அடுத்த ஆள் காத்திருக்கு, போ" என்றாள்.