புதினா வாசனை வந்த கம்ப்யூட்டர்

நிதானம் தன் கம்ப்யூட்டருக்குப் பல் விளக்கிவிடுகிறார் என்று தெருவில் பேச்சு. அதுவும் புதினா வாசனை அடிக்கிற பேஸ்ட்டால். கிளப்பிவிட்டவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். அவர் சொல்வதில் பாதி, முதல் சலவையிலேயே தையல் விட்டுவிடும். மீதிப் பாதியை நேரில் பார்த்துவிடுவதுதான் நியாயம்.

பார்த்தால், ஆள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே தூசி ஊதிக்கொண்டிருக்கிறார். முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து வண்டியிலிருந்து இறங்கியபின், பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறார். பழக்கம் மட்டும் இறங்கவில்லை. உட்காருமுன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், டயர் பார்ப்பதுபோல. ஸ்விட்சைப் போட்டதும் புறங்கையை மேல்தகட்டில் வைத்துப் பார்ப்பார். யார் என்ன அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்: "நிதானம்." பெயராக அதுவே ஒட்டிக்கொண்டது.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு கேசட்டுக்காக. கொண்டுவந்தவள் ஒரு நர்ஸ். உள்ளே அவளுடைய அக்கா பாடுகிறாள். அக்கா போய் ஒன்பது வருடம். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. நாடாவில் பூஞ்சை பிடித்து, மேல்பூச்சு தூளாக உதிர்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை ஓடும், அதோடு சரி. தன் சொந்தக் கேசட் ஒன்றைப் போட்டுச் சோதித்ததில், கிழட்டுக் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்க முடியாமல் நிமிடத்துக்கு நாலு இடத்தில் படத்தை விழுங்கியது, பாட்டு திக்கியது. புதிது வாங்க வழியில்லை. பிராசசரின் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேலே ஏற்றலாம் என்று எங்கோ படித்தார். படித்த சூட்டிலேயே ஏற்றியிருந்தால் அவர் நிதானம் இல்லை.

"ஏத்தத்துல சூட்டு முள்ளப் பாத்துத்தான் கியர் போடணும். இதுக்கும் முள்ளு இருக்கு. திரையில நம்பரா வருது, அவ்வளவுதான்."

ஒரு நாளைக்கு ஒரு படி. ஏற்றியதும், பிராசசரைக் கசக்கிப் பிழிகிற சோதனை ஒன்றை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டைப் பள்ளிக்கூட நோட்டில் குறிப்பார். எண்பது டிகிரியைத் தொட்டால் ஒரு படி கீழே. மின் அழுத்தத்தில் மட்டும் கைவைப்பதில்லை. "டீசலக் கூட ஊத்துனா வேகம் வரும். இஞ்சினும் வரும், வெளியே."

மூன்றாம் நாள் பெட்டிக்குள் இருந்த மின்விசிறியைக் கழற்றியபோது, பிராசசரின் மேல் இருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. சூட்டை வெளியே கடத்துவது அந்தப் பசைதான். புதுப் பசை வர ஒரு வாரமாகும் என்றார்கள். வெள்ளையாக, குழகுழவென்று, பார்வைக்கு அதேபோல ஒன்று தையல்காரரின் அலமாரியில் இருந்தது. ஆக, பேச்சு மெய்தான்.

"ரெண்டு நாள் அறுபதுலயே நின்னுச்சு. நம்மள மிஞ்ச ஆளில்லன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஈரம் வத்திப்போச்சு. தொண்ணூத்தெட்டு!" கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துபோனது. அந்த நிமிடத்தில் நர்ஸின் கேசட் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டு அதோடு போயிருக்கும். துடைத்தார். சரியான பசைக்குக் காத்திருந்தார். முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

பேச்சு நர்ஸின் காதுக்கும் போய்விட்டது. வேலை முடிந்த கையோடு வந்து நின்றாள்.

"பேஸ்ட் பூசுறீங்களாமே அண்ணா? கேசட்டக் குடுத்துடுங்க."

"பூசினேம்மா. என் தப்புதான்."

இல்லை என்று சாதிப்பார், சண்டை பிடிக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அவர் நோட்டை நீட்டினார். காய்ச்சல் அட்டை படித்துப் பழகிய கண் அது. விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். தொண்ணூற்றெட்டில் நின்றாள். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்குப் பிறகு கீழிருந்து மெல்ல ஏறி, கடைசியில் எழுபத்தொன்று, எழுபது, எழுபத்தொன்று.

"ஒன்பது நாளா ஏறவே இல்லையே?"

"வேகம் இன்னும் ரெண்டு படி ஏறும்மா. நமக்கு இது போதும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போடுங்க."

அந்தப் பேஸ்ட் டியூப் இப்போதும் திரைக்கு எதிரே நிற்கிறது, கழுத்து நெரிந்தபடி. நிதானம் புதிது வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். தையல்காரருக்கு அந்தப் பழையதேதான் வேண்டும். "இது என் கண்ணு முன்னால இருக்கணும்ப்பா" என்கிறார் இவர். கொடுத்தபாடில்லை.

நாடா கரகரத்துக்கொண்டு ஓடியது. பதினோராவது நிமிடம், திரையில் ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். திக்கவில்லை. நர்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர்.

"அண்ணே, என் பேஸ்ட்டு..."

நிதானம் திரும்பவில்லை. கண் எழுபத்தொன்றிலேயே இருக்க, ஒரு விரலை மட்டும் எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தார்.