கறையான் பிடிக்காத மரங்கள்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கப்பல்களைக் கொண்டு போனார்கள். குவாட்டஸ் வீடுகளைக் கொண்டுபோக முடியவில்லை. துறைமுகத்துக்கு மேலே காடு மூடிய மேட்டில் அவர்கள் கட்டிவிட்டுப் போன வீடுகளில் ஒன்றில்தான் நான் பதினான்கு வருடம் குடியிருந்தேன். எங்கள் வீட்டு வரிசைக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் நடுவே காடு. கல்லூரியும் பழைய கடற்படைக் கட்டடங்களில் நடந்ததுதான். என் கணவர் அங்கே எழுதுவினைஞராக இருந்தார்.

நான் சல்லியில் பிறந்தவள். எங்கள் வாசலில் நின்றால் வள்ளங்களுக்கும் காயும் கருவாட்டுக்கும் அப்பால் கண்ணுக்கு எட்டியவரை கடல்தான். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து பாலையும் வீரையும் நாவலும் அடர்ந்த இடத்தில் விட்டால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? முதல் மாதம் முழுக்கக் குரங்குகளோடு சண்டை. குசினி ஜன்னலால் கையை விட்டுத் துணி துவைக்கிற சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு போகும். கடித்துப் பார்த்துவிட்டு என்மேலேயே எறியும். "குரங்குகூட உம்மட வாய்க்குப் பயப்பிடுது இல்லை" என்பார் என் கணவர். அவருக்கு அது பெரிய பகிடி.

குரங்குகளுக்கு அடுத்தபடியாக அந்தக் காட்டில் நிறைந்திருந்தவர்கள் கல்லூரி மாணவ ஆசிரியர்கள். பயிற்சிப் பாடம் நெருங்கினால் விடுதியில் இடம் போதாமல் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி பாலை மரத்தைப் பார்த்து, "பிள்ளைகளே, எல்லாரும் இங்கே கவனியுங்கள்" என்பாள். இன்னொருவர் நாவல் மரத்திடம் பின்னக் கணக்குக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக நிற்பார். விறகு பொறுக்கப் போகிற எனக்கும் இலவசமாகப் படிப்பு நடந்தது. காடு எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கணிதம் கற்பிக்கும் மாஸ்டரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். மாஸ்டர் புரட்டஸ்தாந்துக்காரர், ஐம்பத்தைந்தைத் தாண்டாதவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கா அவித்தால் எனக்கு ஒரு பங்கு வரும், எனக்குச் சல்லியிலிருந்து மீன் வந்தால் அவர்களுக்கு ஒரு பங்கு போகும்.

எல்லா விரிவுரையாளர்களும் ஏழரைக்குப் புறப்பட்டால் மாஸ்டர் ஏழு மணிக்கே தனியாகப் புறப்பட்டுவிடுவார். மாலையில் எல்லோரோடும் சேர்ந்து, கதையோடு கதையாக வீடு வருவார். காலையில் மட்டும் யாரையும் சேர்க்கமாட்டார். பெரிய மனிதரின் கர்வம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை கிணற்றடியில் வாளியோடு நின்றேன். என் வெள்ளைச் சேலை கொடியில் கிடந்தது. வழக்கம்போல் புறப்பட்டு வந்த மாஸ்டர் கொடியருகே நின்று, சேலையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "குட்மோர்னிங் பிள்ளை, சின்னவனுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, கோபக்காரியோடு என்ன கதை என்பதுபோல மெல்லச் சிரித்துவிட்டு நடந்தார். நான் அவருக்கு மூன்று முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கே அக்காவிடம் போய்க் கேட்டேன். குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு அக்கா அழுதுவிட்டா. கண்ணுக்குப் பின்னால் நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். கொழும்பில் பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பி மூன்று வருடம். கல்லூரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இப்ப வந்திருக்கிற பிள்ளையளை மட்டும் படிப்பிச்சு முடிச்சு அனுப்பிப்போட்டுத் தானே விலகிறன் எண்டு சொல்லுறார். இன்னும் ஒரு வருஷம்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். உம்மட மனுசனுக்கும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். வந்த வினையெல்லாம் காப்பாற்றியதால் வந்தது.

பாடம் சொல்வதில் மாஸ்டருக்குச் சிக்கல் இல்லை. கணக்கெல்லாம் மனதில் இருந்தது. கரும்பலகையில் எழுதுவது மாணவர்கள். விழுந்து எழும்பாமல் காலையில் கல்லூரிக்குப் போய்ச் சேருவதுதான் கண்டம். பாதை நேரானதுதான், ஆனால் ஒருபக்கம் பள்ளம். வெள்ளைக்காரர் காட்டை வெட்டிப் பாதை போட்டபோது, காலை வெயில் படாமலிருக்கக் கிழக்குப் பக்கத்தில் மட்டும் பெரிய மரங்களை இடைவிட்டு நிற்கவிட்டிருந்தார்கள். பதினொரு மரங்கள். அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று யோசித்து யோசித்து எனக்கு உலையில் அரிசி குழைந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சேலை ஞாபகம் வந்தது. வெள்ளையைக் கண்டுதானே நின்றார்? சல்லியில் வள்ளங்கள் கரை சேருகிற இடத்தில் ஒரு பனங்குற்றியை நட்டுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். மங்கலிலும் அது தெரியும், பார்வை குறைந்த கிழவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தைத் திருப்புவார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பு ஒரு வாளி என்னிடம் இருந்தது. ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, பதினொரு மரத்துக்கும் இடுப்பளவு உயரத்தில் சுற்றிவரப் பூசிவிட்டேன்.

மாலையில் வந்த என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னப்பா இது? மரத்துக்கெல்லாம் திருநீறு பூசி வைச்சிருக்கு?"

அவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன். "கறையான் பிடிக்குது, அதுதான்" என்றேன்.

"பதினொண்டுக்குமோ?"

"ஓம், பதினொண்டுக்கும்தான். நீங்கள் மரத்தைப் பார்த்தா நடக்கிறீங்கள்?"

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தினால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவள் நான்தான்.

மறுநாள் காலை குசினி ஜன்னலில் நின்று பார்த்தேன். மாஸ்டர் நேராக, ஒரு அடி பிசகாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று. அதற்கு முதல்நாளும் அவர் அப்படித்தான் போனாரா என்று நான் பார்த்திருக்கவில்லை. கண்டத்திலிருந்து ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் அன்றைக்கு ஒரு தேங்காயை உடைத்துச் சர்க்கரைப் புக்கை செய்தேன். மாஸ்டர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று அக்கா கேட்டபோது சும்மா என்றேன்.

இரண்டு மாதம் கழித்து விடுமுறை வந்தது. மாஸ்டரும் அக்காவும் கிளிவெட்டியில் இருக்கும் அக்காவின் தமையன் வீட்டுக்குப் போனார்கள். சல்லியில் அம்மன் கோயில் பொங்கல். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை தாய்வீட்டுக்குப் போனேன். என் கணவருக்குக் கல்லூரிக் கந்தோரில் வேலை இருந்தது.

திரும்பி வந்து, ஒரு கையில் கருவாட்டுப் பையும் மறு கையில் சின்னவனுமாகப் பின்வாசலைத் திறந்தால் கண் கூசிற்று. மரங்களுக்குக் கீழே இருக்கவேண்டிய இருட்டு இல்லை. பாதை முழுவதும் வெயில். துறைமுகம், அதில் நிற்கிற கப்பல், எதிர்க்கரை மலை எல்லாம் வெட்டவெளியாகத் தெரிந்தன. பதினொரு மரமும் பதினொரு அடிக்கட்டையாகக் கிடந்தன. கட்டைகளின் பால் இன்னும் காயவில்லை.

என் கணவர் சந்தோஷமாக வந்தார். "பார்த்தீரோ? மாரிக்கு முன்னம் பழுதான மரமெல்லாம் வெட்ட ஓவசியர் வந்தவர். வெள்ளை பூசின மரமெல்லாம் என்னெண்டு கேட்டார். அதெல்லாம் கறையான் பிடிச்சது, என்ர மனுசி பார்த்து வைச்ச அடையாளம் எண்டனான். அப்பிடியெண்டால் பாதையில விழ முன்னம் வெட்டுறதுதான் சரி எண்டு வெட்டிப்போட்டார்."

பையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கருவாட்டுப் பையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கோபப்படாதது எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது? அவர் என்னை நம்பியதைத் தவிர வேறு ஒரு பிழையும் செய்யவில்லை.

மாஸ்டரும் அக்காவும் கல்லூரி தொடங்குவதற்கு முந்திய மாலை பொழுதுபடுகிற நேரம் முன்வாசல் பக்கத்தால் வந்து சேர்ந்தார்கள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். அக்கா தமையன் கொடுத்துவிட்ட புது அரிசியை எனக்கு அளந்துகொண்டிருந்தா. மாஸ்டர் கதிரையில் இருந்து, "இன்னும் ரெண்டு தவணைதான் பிள்ளை, பிறகு நான் ராசா மாதிரி வீட்டில இருப்பன்" என்றார். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் புது அரிசியின் மணத்தைப் பற்றி மட்டும் கதைத்தேன். அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு மாஸ்டர் புறப்பட்டார். நான் அடுப்பை விட்டு ஓடினேன். அவர் பத்தடி போய் நின்றிருந்தார். முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வலது கன்னத்தைக் கையால் தடவினார். இன்னும் நாலடி வைத்தார். மறுபடி நின்றார். அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ஆர் அது? பிள்ளையோ?"

"ஓம் மாஸ்டர்."

"மரங்கள் எங்க?"

மூச்சு விடாமல் சொன்னேன். சேலை, சத்தியம், சுண்ணாம்பு, கறையான், ஓவசியர், எல்லாம். "உங்களுக்குத் தெரியட்டும் எண்டுதான் மாஸ்டர் பூசினனான்" என்று முடித்தேன்.

"சுண்ணாம்போ?" என்றார். "எனக்கு வெள்ளை கறுப்புத் தெரியாமல் ரெண்டு வருஷம், பிள்ளை."

"அப்ப என்ர சீலைக்கு வணக்கம் சொன்னீங்களே?"

"அது சீலையோ?" அவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "சவுக்காரம் மணத்தது. துணி அசையிற சத்தம் கேட்டுது. நீர்தான் எண்டு நினைச்சன்."

பிறகு தானாகவே சொன்னார். காலையில் கன்னத்தில் வெயில் படும், பிறகு நிழல் குளிரும், திரும்ப வெயில், திரும்ப நிழல். பதினொரு நிழலை எண்ணி முடித்தால் இடது பக்கம் கல்லூரிப் படி. மாலையில் அந்த வெயில் இல்லாததால் மற்றவர்களின் சத்தத்தோடு அடிகளை எண்ணி வருவார். மழை மப்பு நாட்களில் சுகமில்லை என்று லீவு எடுத்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, சீனியும் உப்பும் கேட்டுக்கொண்டு, அதை மட்டும் நான் கேட்கவில்லை.

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மாஸ்டர் கையை நீட்டினார்.

"கல்லூரி அதிபரின்ர அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போம். நானே சொல்லிப்போடுறன்."

"வேண்டாம் மாஸ்டர். நான் ஒவ்வொரு நாளும் முன்னுக்குக் கதைச்சுக்கொண்டு போறன், நீங்கள் என்ர சத்தத்துக்குப் பின்னால வாங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

"இல்லைப் பிள்ளை. ஏலாது."

கூட்டிக்கொண்டு போனேன். அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் அதிபரே அவரைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டார்; அதிபரின் கண் சிவந்திருந்தது. அந்த மாணவர்களை முடித்து அனுப்ப மாஸ்டருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மாத முடிவோடு வேறொருவர் வந்தார். அதற்குக் காரணம் நான். அதை மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

திரும்பி வரும்போது மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். கட்டைகளுக்கு அருகில் வந்தபோது நான் வேண்டுமென்றே பாதையின் மறுபக்கமாக நடத்தினேன். மாணவ ஆசிரியை ஒருத்தி, தான் வழக்கமாகப் பாடம் சொல்லும் மரம் இல்லாமல், ஒரு கட்டையில் ஏறியிருந்து தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இப்ப இதில நிண்டால் என்ன தெரியுது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"துறைமுகம் தெரியுது."

"கப்பல் நிக்குதோ?"

"ஒண்டு நிக்குது. பெரிசு. பக்கத்தில நாலைஞ்சு வள்ளம். அவை தண்டு வலிக்கிறதைப் பார்த்தால் சல்லிப் பக்கத்து ஆக்கள் மாதிரி."

"சொல்லும், சொல்லும்" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன். தண்ணீரின் நிறம், மலையில் மேகம், வள்ளத்தில் நின்றவனின் தலைப்பா, எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசல் வந்துவிட்டது. அக்கா, நேரமில்லாத நேரத்தில் எங்களைக் கண்டு, கையில் அகப்பையோடு ஓடிவந்தா.

மாஸ்டர் என் கையை விடவில்லை.

"வந்திட்டமோ? மூண்டு வருஷத்தில இண்டைக்குத்தான் பிள்ளை, எண்ணாமல் நடந்தனான்" என்றார்.