பன்னிரண்டாவது கையெழுத்து

முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் அவளைக் கையெழுத்தக்கா என்றார்கள். கதவில் மாணவர் ஆலோசகர் என்று பலகை தொங்கியது. ஆனால் யாரும் ஆலோசனைக்கு வந்ததில்லை. ஜெராக்ஸ் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த அந்த அறைக்குள் நுழைந்து, படிவத்தை நீட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபது வருடம் புள்ளியியல் நடத்தியவள். ஒரு கூட்டத்தில் கணினித்துறைத் தலைவரை எதிர்த்துப் பேசியதற்குக் கிடைத்த இடம் இது. "உன் கோபத்துக்கு ஒரு ரூம் தந்திருக்காங்களே, அதுவே பெரிசு" என்றார் கணவர். வீட்டில் பாத்திரங்களுக்கே அவளிடம் பயம்.

அந்த வருடம் கல்லூரி, பலங்களைக் கண்டறியும் ஒரு தேர்வை வாங்கியது. நாற்பது நிமிடம் கணினி முன் உட்கார்ந்தால் மாணவரின் ஐந்து பலங்கள் வண்ணத்தாளில் வரும். குறையைப் பார்க்காதீர்கள், நிறையைப் பாருங்கள் என்றார் முதல்வர். இத்தனை வருடமாக அவள் கத்தியதும் அதுதான். மகிழ்ந்துபோனாள்.

பிறகு படிவங்கள் வரத் தொடங்கின. கணக்கில் தோற்றவனின் தாளில் பொறுமை என்று இருந்தால் அலுவலக நிர்வாகப் படிப்புக்கு மாற்றம். உதவும் குணம் இருந்தால் வரவேற்பாளர் பயிற்சி. தோற்றவர்கள் வெளியே போகப் போக, துறையின் தேர்ச்சி விகிதம் ஏறியது. ஆலோசகர் கையெழுத்து இல்லாமல் மாற்றம் செல்லாது. பதினொன்றில் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டாவதைக் கொண்டுவந்தவள் கணினித்துறை இரண்டாம் வருடம். கணக்கில் இரண்டு முறை தோல்வி. தாளில் முதல் பலம்: எல்லோரோடும் ஒத்துப்போதல். மாற்றம் வரவேற்பாளர் பயிற்சிக்கு.

"நீயா கேட்ட?"

"இல்ல மேடம். துறைத்தலைவர் சார்தான் உன் பலம் அங்கதான்னு சொன்னார்."

"உனக்குப் போகணுமா?"

"போக வேணாம். ஆனா பலம்னு சொல்றாங்களே, எப்படி மாட்டேன்னு சொல்றது?"

பேனாவை மூடி வைத்தாள். "உன்கிட்ட எதுக்காவது ஆள் தேடி வராங்களா?"

அவள் யோசித்தாள். "டைம்டேபிள் போட. ஆபீஸ் அண்ணன் போட்டா ஒரே லேப்ல ரெண்டு பேட்ச் இடிக்கும். என்கிட்ட குடுத்துருவார்."

"எத்தனை பேட்ச்?"

"பதினாலு. லேப் ஆறு. நாலு சார் மத்தியானத்துக்கு மேல இருக்க மாட்டாங்க. ஒருத்தர் மாடி ஏற மாட்டார்."

"எத்தனை நாள் ஆகும்?"

"பஸ்லயே பாதி முடிஞ்சிரும் மேடம்."

"அப்புறம் கணக்குல ஏன் போச்சு?"

"முதல் பீரியட். என் பஸ் வர்றதுக்குள்ள பாதி வகுப்பு முடிஞ்சிரும்."

"டைம்டேபிள் போடுறவளே நீதானே. மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்தினா மத்தவங்களுக்கு இடிக்கும் மேடம்."

கையெழுத்தக்காவுக்குக் காது சூடானது. படிவத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

துறைத்தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் அந்த டைம்டேபிள் நான்கு குண்டூசிகளில் தொங்கியது.

"இதுல போட மாட்டேன்" என்று படிவத்தை மேசையில் வைத்தாள். "உங்க பின்னால இருக்கிறதைப் போட்டது இந்தப் பொண்ணு."

திரும்பிப் பார்த்தார். "போட்டிருப்பா. சொன்னதைச் செய்யிற பொண்ணு. தாள்லயும் அதானே மேடம் வந்திருக்கு?"

அவள் அவரைச் சுற்றிப் போய் முதல் குண்டூசியைப் பிடுங்கினாள்.

"என்ன பண்றீங்க?"

"அவளை அனுப்பினா இதுவும் போகும்." இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. "அவ வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறது யாரு?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீங்க. மத்தியானத்துக்கு மேல இருக்காத நாலு பேர்ல ஒருத்தர்னு இதைப் பார்த்தா முதல்வருக்கும் தெரியும்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

வெளியே ஏதோ ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்கு எந்த லேப் என்று கேட்டு வாசலில் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், அவள் கையில் சுருண்டிருந்த தாளைப் பார்த்தார்.

"மாட்டுங்க முதல்ல."

"கணக்கை மூணாவது பீரியடுக்கு மாத்தி மாட்டுறேன். இடிக்கிறவங்க இடிச்சுக்கட்டும்."

படிவத்தையும் எடுத்துக்கொண்டு கீழே வந்து கிழித்தாள். கோபம் அடங்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்தப் பதினொரு கோப்புகளையும் எடுத்தாள். அவள் கையெழுத்து எப்போதும் அழகு. பதினொன்றிலும் அழகாகவே இருந்தது.

முதல் கோப்பில் இருந்த போன் எண்ணை அழுத்தினாள். எடுத்த பையனிடம் தான் யாரென்றுகூடச் சொல்லவில்லை.

"தம்பி, உன்கிட்ட எதுக்காவது ஆள் தேடி வராங்களா?"